சின்னம்மாவின் முகம் தைலப் பெட்டியில்

சென்ற ஆண்டு தைப்பூசத்தன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் சின்னம்மா காவடி எடுத்தார். கொடியேறிய நாளிலிருந்து பத்து நாள் விரதம். மகளுக்கு உடம்பு தேறினால் எடுப்பதாக நேர்ந்துகொண்டது. கன்னத்தில் வேல், நெற்றி நிறையத் திருநீறு, பாதி மூடிய கண்கள். நான் எடுத்த படங்களிலேயே அதுதான் சிறந்தது. அன்றிரவே இணையத்தில் ஏற்றினேன். என்ன உரிமம் என்று தளம் கேட்டபோது, எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தைத் தேர்ந்தெடுத்தேன். நம் திருவிழாவை உலகம் பார்க்கட்டும் என்ற ஆசை, அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மருந்துக் கடைக்குப் போன சின்னம்மாவே அதைக் கண்டார். மூட்டுவலித் தைலப் பெட்டியின்மீது அவர் முகம். வேல் குத்திய கன்னத்துக்குப் பக்கத்தில், வலியா, அது எங்கே என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெட்டியை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "நான் முருகனுக்கு எடுத்தேன், தம்பி. இவனுக்கு யார் கொடுத்தது?"

நான்தான் கொடுத்திருந்தேன்.

பெட்டியில் என் பெயர் எங்கும் இல்லை. உரிமத்தின் நிபந்தனையே அதுதானே, மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துத் தைல நிறுவனத்துக்குக் கடுமையாக மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: தங்கள் இணையப் பக்கத்திலும் புதிய பெட்டிகளிலும் என் பெயரைச் சேர்த்துவிட்டார்களாம், நன்றியாம். நிபந்தனையை மீறினால் உரிமம் தானாக முடிந்துவிடும். ஆனால், மீறியவர் அதை அறிந்த 30 நாளுக்குள் தவற்றைச் சரிசெய்துவிட்டால் தானாகவே திரும்பக் கிடைத்துவிடும். இது 4.0 உரிமத்திலேயே இருக்கிறது. நான் படிக்கவில்லை, அவர்கள் படித்திருந்தார்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்ற உரிமத்துக்கு அன்றே மாற்றினேன். முன்பே எடுத்துக்கொண்டவர்களை அந்த மாற்றம் கட்டுப்படுத்தாது. கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது.

ஆனால், அதே உரிமத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது: தனியுரிமையும் உருவத்தின் மீதான உரிமையும் இந்த உரிமத்தில் அடங்கா. படம் எடுத்தவன் தன் பதிப்புரிமையைத்தான் கொடுக்க முடியும். படத்தில் நிற்பவரின் முகம் அவன் சொத்து அல்ல. 2007-இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்துச் சிறுமி ஒருத்தியின் படத்தை ஆஸ்திரேலிய மொபைல் நிறுவனம் ஒன்று இதே போன்ற உரிமத்தை வைத்து விளம்பரத்தில் போட்டு, வழக்கு வரை போனது. அதை நான் படித்தது சின்னம்மா அழுத பிறகுதான்.

இங்கே போப்பியா என்று நாம் சொல்லும் 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையைச் சிறப்புத் தகவலாக வைத்துக் கூடுதல் காப்பு தருகிறது. காவடிப் படத்தில் அது முகத்திலேயே எழுதியிருக்கிறது. எனவே இரண்டாவது கடிதத்தில் சின்னம்மாவே கையெழுத்திட்டார்: தன்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, பதில் வராவிட்டால் தகவல் ஒழுங்காற்று அலுவலகத்தில் புகார் கொடுப்பேன் என்று. ஒன்பதாம் நாள் இணையப் பக்கத்திலிருந்து படம் போயிற்று. மன்னிப்பு வரவில்லை. கடைகளில் இருக்கும் பெட்டிகளைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார்கள்.

கோயில் கமிட்டியிடம் பணம் வாங்கிக்கொண்டு படமெடுக்கும் நண்பர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இங்குள்ள 1978 பதிப்புரிமைச் சட்டப்படி அந்தப் படத்தின் உரிமை பணம் கொடுத்தவருக்கே. அதற்கு இலவச உரிமம் வழங்க உங்களால் முடியாது.

கோப்புகளைச் சரிபார்த்தபோது மற்றொன்றும் கண்டேன். விரத நாளில் சின்னம்மா வீட்டு வாசலில் எடுத்த படத்தில், கைபேசி பதிந்துவைத்த இட விவரம் அப்படியே இருந்தது. முகத்தோடு வீட்டு வாசலையும் நானே ஊருக்குக் காட்டியிருக்கிறேன். அதை நீக்கிவிட்டேன். யார் யார் இறக்கிவைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது.

காவடிப் படம் போட்ட தைலப் பெட்டியை எங்காவது கண்டால், கடையின் பெயரையும் பார்த்த தேதியையும் மட்டும் எனக்கு எழுதுங்கள். பெட்டியைப் படமெடுத்துப் போடாதீர்கள். அதிலும் சின்னம்மாவின் முகம்தான் இருக்கிறது.