நூற்புழு தாங்கும் விதைக்கிழங்கு என்று 43,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள், நீலகிரிக்காரர்கள் படியுங்கள்

நேற்று மதியம்தான் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அடுத்த போகத்துக்கு விதை தேடிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டால் போதும் என்றுதான் எழுதுகிறேன். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் மலையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு, வேரை உறிஞ்சும் முட்டைக்கூடு நூற்புழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1961-இல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து இது நம் மண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கூடு என்பது செத்துப்போன பெண்புழுவின் தோல்தான். ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டை இருக்கும். உருளைக்கிழங்கே போடாவிட்டாலும் 20 வருடம் வரைகூட மண்ணில் உயிரோடு கிடக்கும்.

என் அரை ஏக்கரில் நான்கு வருடம் உருளைக்கிழங்கு பக்கமே போகவில்லை. காரட், பூண்டு, முட்டைக்கோசு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். போன வருடம் மண் பரிசோதனையில் கூடுகளின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது. இனி எதிர்ப்பு சக்தி உள்ள ரகம் போடலாம் என்று தைரியம் வந்தது. அப்படிப்பட்ட ரகத்தின் வேர்வாசனைக்கும் முட்டை பொரியும், குஞ்சுப்புழு வேருக்குள்ளும் நுழையும். ஆனால் அது உறிஞ்ச வேண்டிய இடத்தில் செல்கள் கருகிவிடும், பெண்புழு பட்டினியில் வளராமலே போய்விடும். அதனால் மண்ணில் புழு இன்னும் குறையும். இதற்காகத்தான் நான்கு வருடம் காத்திருந்தேன்.

விவசாயப் பொருள் விற்க வாங்க வைத்திருக்கிற ஒரு செயலியில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். குஃப்ரி சுவர்ணா, கிலோ 72 ரூபாய். நம் மலைக்கென்றே 1985-இல் வெளியிட்ட ரகம், நூற்புழுவையும் தாங்கும், பின்கருகல் நோயையும் தாங்கும். போன் செய்தேன். பேசிய பையன் குஃப்ரி ஜோதி என்ற இன்னொரு ரகத்துக்கும் சுவர்ணாவுக்கும் வித்தியாசம் சொன்னான். இந்த நூற்புழுவில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டு இனம் இருக்கிறது, எச்-1 என்ற மரபணு மஞ்சளை மட்டும்தான் தடுக்கும் என்று அவனே சொன்னான். அங்கேதான் நான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நினைத்துவிட்டேன். "அக்கா, இது முத்தொரை ஆராய்ச்சி நிலைய விதைல இருந்து வந்ததுங்க, நம்பி போடுங்க, எங்கம்மா தோட்டத்துலயும் இதான் போட்ருக்கு" என்றான். கூடவே சீல் வைத்த ஒரு சான்றிதழின் படமும் அனுப்பினான். அதில் தேதி இல்லை. அப்போது என் கண்ணில் படவில்லை.

600 கிலோ. 43,200 ரூபாய். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன்.

கார்போகத்தில் நட்டேன். நேற்று நடுவில் ஒரு வட்டம் மட்டும் மஞ்சளடித்து, வெயிலில் இலை துவண்டு நின்றது. ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, பக்கெட் தண்ணீரில் மெதுவாக அலசி, வேரைக் கையில் விரித்துப் பார்த்தேன். மணிமணியாக, ஒவ்வொன்றும் கசகசாவில் பாதிகூட இருக்காது, வெள்ளையும் மஞ்சளுமாக வேர் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தனையும் பெண்புழு. நான்கைந்து செடி பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே கதை. எதிர்ப்பு உள்ள ரகத்தில் ஒன்றிரண்டு தென்படலாம். இப்படிக் கொத்துக் கொத்தாக வராது. இது சுவர்ணாவே இல்லை. ஏதோ சாதாரணச் சந்தைக் கிழங்கைப் பொறுக்கிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

போன் செய்தேன். "மழை ஜாஸ்திங்க அக்கா, வேர் அழுகலா இருக்கும்" என்றான். வேரின் படத்தை அனுப்பினேன். "உங்க மண்ணுலயே புழு இருந்திருக்கு, அதுக்கு நாங்க என்னங்க பண்றது?" என்றான். இருந்ததால்தானே தம்பி உன்னிடம் வாங்கினேன்! அப்புறம் "ஆபீஸ்ல கேட்டு சொல்றேன்" என்றான். சாயந்திரம் வேறொருவர் எடுத்து, பில்லை எடுத்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன். "உருளைக்கிழங்கு 600 கிலோ" என்று மட்டும் இருக்கிறது. விதை என்ற வார்த்தையே இல்லை, ரகத்தின் பெயரும் இல்லை. "நாங்க கிழங்குதான் வித்தோம், நீங்க நட்டா அது உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் என் நம்பரையே தடுத்துவிட்டார்கள். செயலியில் புகார் கொடுத்தால், வாங்குபவர் விற்பவர் விவகாரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரே வரியில் பதில்.

43,200 ரூபாய் போனதுகூடப் பெரிதில்லை. உழவு, உரம், ஆள்கூலி தனி. நான்கு வருடம் பொறுத்துக் குறைத்த புழு இந்த ஒரே போகத்தில் பழையபடி பெருகி நிற்கிறது. அதை யார் திருப்பித் தருவார்கள்?

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. பில்லில் "விதை" என்றும் ரகத்தின் பெயரும் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். மூட்டையில் சான்று அட்டை இருக்க வேண்டும், சான்று பெற்ற விதைக்கு அது நீல நிறம். போட்டோ சான்றிதழை நம்பாதீர்கள். மண் ஒட்டிய கிழங்கை வாங்கவே வாங்காதீர்கள், அந்த மண்ணிலேயே கூடு வரும். தோற்றத்தைப் பார்த்து ரகம் சொல்ல முடியாது, ஜோதி, சுவர்ணா இரண்டும் வெளிர்தோல்தான். சந்தேகம் இருந்தால் முத்தொரை ஆராய்ச்சி நிலையத்திலோ தோட்டக்கலைத் துறையிலோ கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அதே விளம்பரம், அதே படம், இன்று காலையும் அந்தச் செயலியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிலோ 75 என்று ஏற்றியிருக்கிறார்கள். நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். வேரில் இருக்கும் மணிகள் பழுப்புக் கூடாகி மண்ணில் உதிர்வதற்குள் அரை ஏக்கரையும் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும்.