பேரலாய்டு பி-72: சென்னை வெயிலுக்குத் தாங்குமா?

உடைந்த ரெசின் சிலைகளை ஒட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. பட்டறைக்கு வரும் சிலைகளில் பாதிக்கு, உடைசலைவிட முன்பு யாரோ போட்ட எபாக்ஸிப் பசைதான் தலைவலி. வெளிச்சம் படப்பட அது மஞ்சளாகிவிடும். பிரிக்கப் போனால் சிலைதான் பிளக்கும், ஒட்டு அசையாது. அதனால்தான் உள்ளறையில் வைக்கும் சின்னச் சிலைகளுக்கு பேரலாய்டு பி-72 பயன்படுத்துகிறேன்.

அருங்காட்சியகங்களில் பானை ஓடும் கண்ணாடியும் ஒட்டுகிற அக்ரிலிக் ரெசின் இது. நிறம் இல்லாத சின்னச் சின்ன மணிகளாக வரும். அசிட்டோனில் கரைத்துக்கொள்ள வேண்டும். மணிகளை அப்படியே கொட்டினால் அடியில் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பழைய வேட்டித் துணியில் முடிந்து, மூடிபோட்ட கண்ணாடி ஜாடிக்குள் தொங்கவிடுங்கள். சாயங்காலம் கட்டினால் காலையில் தேன் பதத்தில் இருக்கும்.

இதன் பெரிய பலம், ஒட்டியதைப் பிரிக்க முடிவது. சமீபத்தில் ஒரு பாலியெஸ்டர் சிலையின் சுண்டுவிரலை ஒட்டினேன். காய்ந்த பிறகு பார்த்தால், நகம் இருந்த பக்கம் ஒரு மயிரிழை தூக்கி நின்றது. பஞ்சில் அசிட்டோன் தொட்டு இணைப்பில் வைத்ததும் இளகியது; விரலைத் திருப்பி உட்காரவைத்தேன். எபாக்ஸியாக இருந்தால் அரம்தான். ஆனால் அசிட்டோனை ஊறவிடக் கூடாது, பாலியெஸ்டரே உப்பிவிடும். பெயின்ட் அடித்த சிலை என்றால் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இந்தப் பசையை மறந்துவிடலாம்.

எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. இதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 1.48, அக்ரிலிக் தகட்டுக்கு 1.49. இரண்டும் நெருங்கினால் ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒட்டினால் கோடே தெரியக் கூடாத பொருத்தம்! ஆனால் அசிட்டோன் பட்டால் அக்ரிலிக் வெளுத்து, நுண்விரிசல் விடும். எத்தனாலில் கரைத்தாலும் அந்தப் பயம் முழுசாகப் போகாது. தெர்மோகோல் சிலை என்றால் பேச்சே இல்லை, அசிட்டோனில் கரைந்தே போகும். தெளிவான பாலியெஸ்டர் வார்ப்புக்குச் சேதம் குறைவு, ஆனால் அதன் எண் 1.55 பக்கம், விரிசல் கோடு தெரியத்தான் செய்யும்.

அடுத்தது வெயில். இந்த ரெசின் இளகத் தொடங்குவது 40 டிகிரி வாக்கில். லண்டனில் இருப்பவருக்கு அது வெறும் எண்; நமக்கு அதுதான் மே மாதம். தகரக் கூரைக்கடியில், கை நீட்டி நிற்கும் ஃபைபர் சிலைக்குத் தோள்பட்டையில் இதை மட்டும் நம்பினால் கை மெல்லச் சரியும். பாரம் தாங்கும் இடத்துக்கு உள்ளே கம்பி வேண்டும், வெளியில் நிற்கும் சிலைக்கு வேறு பசை வேண்டும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை: அசிட்டோன் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, பசை பால் வெள்ளையாகிவிடும். அந்த நாட்களில் ஏசி அறைக்குள் வைத்துத்தான் ஒட்டுகிறேன்.

மூளி நிரப்ப மட்டும் இதற்கு முழு மார்க். கண்ணாடி நுண்குமிழ்த் தூளும் கொஞ்சம் நிறப்பொடியும் கலந்து பிசைந்தால், காய்ந்த பின் லேசாகச் சூடாக்கிய கரண்டியால் வழித்து வடிவம் கொடுக்கலாம்.

விலை கடைப்பசையைவிடப் பல மடங்கு. ஒரு டப்பா நெடுநாள் வரும் என்பதால் எனக்கு உறுத்தவில்லை. ஒன்றிரண்டு சிலை மட்டும் ஒட்டப்போகிறவர்கள் ஹெச்எம்ஜி நிறுவனத்தின் பி-72 டியூப் வாங்கினால் போதும், கரைத்தே வருகிறது.