பிடி மக்காச்சோளம்: பல வருடம் விதைத்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் எங்கள் நிலம். கரும்புதான் முக்கியப் பயிர். கூடவே பத்து வருடத்துக்கு மேலாக பிடி (Bt) மக்காச்சோளமும், அதாவது புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றிய ரகமும் போடுகிறோம். அந்த விதையை வாங்கலாமா என்று நம்மவர்கள் பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

பலன் உண்மையானது. சாதாரண ரகத்தில் தண்டுத் துளைப்பான் புழு குருத்து வழியே தண்டுக்குள் போய்விட்டால், எந்த மருந்து அடித்தாலும் அதன்மேல் படாது. பிடி ரகத்தில் மண் பாக்டீரியா ஒன்றின் மரபணு இருப்பதால், புழுவின் குடலைச் சிதைக்கும் புரதத்தைச் செடியே தயாரிக்கிறது. மருந்துச் செலவு நன்றாகவே குறைந்தது. அசுவினிக்கு இது எதுவும் செய்யாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

2017-இல் படைப்புழு நாட்டுக்குள் வந்தபோது அப்படிப்பட்ட பாக்டீரியா மரபணு ஒன்று மட்டும் உள்ள எங்களுடைய ஒற்றை மரபணு ரகம் திணறியது. இலையெல்லாம் ஓட்டை. இரட்டை மரபணு ரகத்துக்கு மாறிய பிறகுதான் பயிர் நின்றது. விதை விலை அதிகம், வருடா வருடம் புதிதாக வாங்கவும் வேண்டும். இருந்தாலும் படைப்புழு உள்ள இடத்தில் கொடுத்த காசு வீணில்லை என்பேன்.

இனி நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம், அடைக்கலப் பயிர். மக்காச்சோள நிலத்தில் 5% பரப்பில் மருந்து அடிக்காமலோ, 20% பரப்பில் மருந்து அடித்தோ, பிடி அல்லாத மக்காச்சோளம் போட வேண்டும். புழுவுக்கு எதற்குத் தீனி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிடி செடியைத் தின்றும் பிழைக்கிற புழு எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். அவை அந்துப்பூச்சியாகித் தங்களுக்குள்ளேயே சேர்ந்தால் குஞ்சுகளுக்கும் அதே தாங்கும் சக்தி வரும். அடைக்கலப் பயிரில் வளர்ந்த சாதாரணப் பூச்சிகள் ஏராளமாக இருந்தால், அவற்றோடு சேர்ந்து அந்தச் சக்தி நீர்த்துப்போகும்.

இது ஏட்டுப் பேச்சு இல்லை. 1998-இல் இங்கே விதைக்கத் தொடங்கிய ரகத்தை ஆப்பிரிக்கத் தண்டுத் துளைப்பான் தாங்கிக்கொண்டது 2007-இல் பதிவானது. வால்ஹார்ட்ஸ் பாசனப் பகுதியிலும் அதே கதை. ஆரம்ப வருடங்களில் அங்கே அடைக்கலப் பயிர் போட்டவர்கள் மிகக் குறைவு. ஒருவர் விட்டால் பக்கத்து நிலத்துக்காரருக்கும் சேர்த்துத்தான் நஷ்டம்.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும்போது, இந்த மக்காச்சோள மாவைச் சாப்பிடலாமா என்று பெரியம்மாக்கள் கேட்பார்கள். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்கிற இடம் புழுவின் குடலில்தான் உண்டு, நம் குடலில் இல்லை. நாங்களும் அதையேதான் சாப்பிடுகிறோம்.

வாங்கப் போனால் ஒற்றை மரபணுவா இரட்டையா என்று கேளுங்கள். அப்புறம், அடைக்கலப் பயிருக்கான விதையையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.