காய்ச்சலை எண்ணுவதா, சளி மாதிரி எடுப்பதா?

ஜூன் மழையும் மூடுபனியும் தொடங்கினால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருமல். இன்ஃபுளுவென்சா பரவுவதைக் கண்காணிக்க வழி இரண்டு: காய்ச்சலோடு வருகிறவர்களைக் கொப்பியில் எண்ணுவது, அல்லது சளி மாதிரி எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவது.

செலவு: காய்ச்சல் கணக்குக்கு ஒரு கொப்பியும் பேனாவும் போதும். பிசிஆருக்குப் பஞ்சுக்குச்சி, குளிர்ப்பெட்டி, கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் வரை வாகனம்.

வேகம்: கொப்பி அன்றைக்கே பேசும். மாதிரி மலையிறங்க வேண்டும்.

நம்பகம்: இங்கேதான் சிக்கல். 38 பாகைக் காய்ச்சலும் இருமலும் 10 நாளுக்குள் தொடங்கியிருந்தால் கொப்பியில் ஒரு கோடு. அது கோவிட்டாகவும் இருக்கலாம். அப்புறம், பேர் (அன்றைய நாட்கூலி) போய்விடும் என்று பரசிட்டமோல் இரண்டைப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறவர் எந்தக் கணக்கிலும் விழுவதில்லை. அவரிடம் பஞ்சுக்குச்சியும் போய்ச் சேராது.

புதுவகை வைரஸ்: கொப்பிக்குத் தெரியவே தெரியாது. இன்ஃபுளுவென்சா ஏ என்று வந்து, மனிதரிடம் வழக்கமாகப் பரவும் எச்1, எச்3 என்ற இரு உபவகைகளிலும் சேராவிட்டால்தான் சந்தேகம் எழும். அதைச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும்.

எந்தத் தோட்டத்தில் ஏறுகிறது என்று பார்க்க, டிஸ்பென்சரியில் கொப்பி. என்ன வைரஸ் என்று பார்க்க, ஆதார வைத்தியசாலையில் வாரம் சில மாதிரி. ஒன்றுதான் முடியும் என்றால் நான் கொப்பியையே எடுப்பேன். ஆனால் கோழிகள் கூட்டமாகச் செத்த இடத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்; கொப்பியை மூடிவிட்டு மாதிரியை அனுப்புங்கள்.