அடிதடிச் சிரிப்பு கடல் தாண்டுமா? ஜாக்கி சான், ரஷ் ஹவர், ஸ்டீபன் சௌ

உடம்பால் செய்கிற காமெடி உலகம் முழுக்கப் போகும், வாயால் செய்கிற காமெடி ஊர் எல்லையைத் தாண்டாது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஹாங்காங் குங்ஃபூ காமெடிகளை வரிசையாகப் பார்த்தால் இது பாதிதான் உண்மை என்று தெரியும். ஜாக்கி சான் படங்களில் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாத சிரிப்பு நிறைய உண்டு. ஹாங்காங்கின் இன்னொரு காமெடி நட்சத்திரமான ஸ்டீபன் சௌ படங்களில் ஒரு வார்த்தை புரியாமலே வயிறு வலிக்கச் சிரிக்கிற இடங்களும் உண்டு. உள்ளூர்ச் சிரிப்பு உதிர்ந்த பிறகு அடியில் இன்னொரு சிரிப்பு நிற்கிறதா? நான் இந்தப் படங்களை அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

1978-ல் யுவென் வூ-பிங் இயக்கிய 'டிரங்கன் மாஸ்டர்' படத்தில் ஜாக்கியின் பாத்திரத்துக்கு வோங் ஃபெய்-ஹுங் என்று பெயர். சீனாவை ஆண்ட சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் குவாங்டாங் பகுதியில் உண்மையிலேயே வாழ்ந்த வைத்தியர், குங்ஃபூ ஆசான் அவர். 1949-லிருந்து க்வான் டக்-ஹிங் என்ற நடிகர் டஜன் கணக்கான படங்களில் நெறி தவறாத பெரியவராக நடித்து, அந்த உருவத்தை ஹாங்காங் மக்கள் மனதில் பதித்துவிட்டார். அப்படிப்பட்டவரை ஜாக்கி படத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவப் பார்க்கிற விடலையாக்கினார்கள். வீரபாண்டிய கட்டபொம்மனை வம்பை விலைக்கு வாங்கும் பையனாகக் காட்டினால் நம் ஊர்த் தியேட்டர் எப்படி ஆடிப்போகும்? அந்த மாதிரி அதிர்ச்சி கலந்த சிரிப்பு அது.

நமக்கு இது எதுவும் தெரியாது. ஆனாலும் படத்தில் ஓட்டை விழுந்ததாகத் தோன்றுவதில்லை. குடிகாரக் கிழட்டு ஆசான் எட்டு சித்தர்கள் பெயரில் எட்டு அடிமுறைகள் சொல்லித் தருகிறார். எட்டாவது பெண் சித்தருடையது. இடுப்பை வளைத்து நளினமாக ஆட வேண்டிய அதைப் பையன் அலட்சியமாக விட்டுவிடுகிறான். கடைசிச் சண்டையில் ஏழும் பலிக்காமல் போகும்போது அந்த எட்டாவதுதான் தேவைப்படுகிறது! சிரிக்கத் தேவையான விதிகள் எல்லாவற்றையும் படமே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. சீன சித்தர் மரபு தெரியாதவனும் அந்த இடத்தில் சிரித்தே தீருவான்.

1985-ல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யில் இது இன்னும் தெளிவு. சின்ன ஸ்டேஷன் ஒன்றில் ஜாக்கி தனியாக உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் டெலிபோன்கள். ஒன்றை எடுத்துப் பேசுவதற்குள் இன்னொன்று அடிக்கிறது. யாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை யாருக்குச் சொல்கிறார் என்ற குழப்பமெல்லாம் ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழி வசனத்தில் நடக்கிறது, அது நமக்குப் பாதிதான் வந்து சேரும். அதற்குள் ரிசீவர் வயர்கள் கழுத்தையும் கையையும் சுற்றிக்கொள்கின்றன. நடுவில் நூடுல்ஸ் வேறு சாப்பிட வேண்டும், குச்சி இல்லை, இரண்டு பென்சிலை எடுத்துக்கொள்கிறார். ஒரே காட்சிக்குள் இரண்டு காமெடி ஓடுகிறது. காதுக்கானது கழன்று விழுந்தாலும் கண்ணுக்கானது முழுசாக நிற்கிறது.

இது தற்செயலாக வந்தது கிடையாது. சின்ன வயதிலேயே பீக்கிங் ஓபெரா பள்ளியில் சேர்ந்து குட்டிக்கரணம், பாட்டு, நடிப்பு எல்லாம் ஒன்றாகக் கற்றவர் ஜாக்கி. அப்புறம் பஸ்டர் கீட்டன், ஹரால்ட் லாய்ட் போன்ற மௌனப்பட மேதைகளைப் பார்த்துப் பாடம் எடுத்துக்கொண்டார். 'ப்ராஜெக்ட் ஏ' (1983) படத்தில் மணிக்கூண்டு முள்ளில் தொங்கி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழும் காட்சி, 1923-ல் லாய்ட் கடிகார முள்ளில் தொங்கியதற்கு நேரடி வாரிசு. கேமராவும் தள்ளியே நிற்கும். அடிப்பவனும் அடிவாங்குபவனும் கையில் உள்ள நாற்காலியும் ஒரே ஃபிரேமில் தெரியும். அடி எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்தால்தானே அதில் சிரிப்பு?

தமிழ் டப்பிங் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாக்கி மெட்ராஸ் பாஷை பேசுவதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்தக் கால ஹாங்காங் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் ஒலி பதிவு செய்யாமல், பிறகு குரல் சேர்க்கப்பட்டவை. உதட்டசைவு அங்கேயே சரியாகப் பொருந்தாது. எனவே துணிந்து உள்ளூர் நக்கலைச் சேர்க்கும் டப்பிங் எழுத்தாளர் பெரும்பாலும் படத்துக்கு நல்லதையே செய்கிறார்.

ஹாலிவுட்டின் 'ரஷ் ஹவர்' (1998) வேறு பாதை. 1980-லும் 1985-லும் அமெரிக்கப் படங்களில் நடித்து எடுபடாத ஜாக்கியை அங்கே பெரிய நட்சத்திரமாக நிலைநிறுத்தியது இதுதான், உலக அளவில் 24 கோடி டாலருக்கு மேல் வசூல். இங்கே இரண்டு கலாச்சாரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே காமெடி. விமான நிலையத்தில், அமெரிக்கப் போலீஸாக வரும் க்றிஸ் டக்கர், ஜாக்கிக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துக் கத்திக் கத்திப் பேசுவார். ஜாக்கி சிரித்த முகத்தோடு பேசாமல் நிற்பார். அந்த மௌனம் அற்புதம். 'வார்' என்ற பழைய பாட்டுக்கு ஒருவர் நடனம் சொல்லித்தர, மற்றவர் துப்பாக்கியைத் தட்டிப் பறிக்கும் வித்தையைச் சொல்லித்தரும் இடமும் எந்த ஊரிலும் செல்லும்.

மற்றபடி எனக்கு மூன்றில் இதுதான் கடைசி. டக்கரின் வேகமான பேச்சு மொழி மாறினால் வெறும் இரைச்சலாகிறது. இனத்தை வைத்து அடிக்கும் ஜோக்குகளில் பல இன்றைக்குக் கேட்கவே கூசுகின்றன. சண்டைகளும் துண்டு துண்டாக வெட்டப்பட்டவை. கண்காட்சிக் கூடத்தில் சாயப்போகும் ராட்சதச் சீன ஜாடிகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே ஜாக்கி சண்டை போடும் இடத்தில் மட்டும் பழைய ஜாக்கி முழுதாக வெளியே வருகிறார். வசூல் பெரிதாக இருந்தாலும், கடல் தாண்டுவதற்காகவே எடுத்த படம்தான் மூன்றில் சீக்கிரம் பழசாகிவிட்டது.

ஸ்டீபன் சௌ விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தலையும் வாலும் இல்லாத கான்டனீஸ் பேச்சுக் காமெடிதான் 1990-களில் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அது சீன உலகத்துக்குள்ளேயே மொழி மாற வேண்டியிருந்தது. தைவானிலும் சீனாவிலும் மாண்டரின் பேசும் ரசிகர்கள் பலருக்கு அவர் குரல் என்றாலே ஷி பான்-யூ என்ற டப்பிங் கலைஞரின் குரல்தான். கான்டனீஸ் விளையாட்டு போனாலும் அந்தக் குரலின் கோணங்கித்தனம் புதுச் சிரிப்பைக் கொண்டுவந்தது.

2004-ல் வந்த 'குங்ஃபூ ஹசில்' அவருடைய பாஸ்போர்ட். பன்றித்தொழுவச் சந்து என்ற அந்தக் குடியிருப்பைப் பார்த்ததும் ஹாங்காங்காரர்களுக்கு 1973-ல் புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' படத்தையே அங்கே வசூலில் முந்திய, இதே மாதிரி வாடகைக் குடியிருப்புக் கதையான 'தி ஹவுஸ் ஆஃப் 72 டெனன்ட்ஸ்' ஞாபகம் வரும். தலையில் கர்லரும் வாயில் சிகரெட்டுமாகத் திரியும் வீட்டுக்காரியும் அவள் கணவனும் தங்களை யாங் குவோ, ஷியாவ்லோங்னூ என்பார்கள். அவர்கள் சீன வீரசாகச எழுத்தாளர் ஜின் யோங் நாவலின் அமர காதலர்கள். சீனர்களுக்கு அங்கே வெடிச்சிரிப்பு. ஆங்கில சப்டைட்டிலில் அதைக் கிரேக்கப் புராணக் காதலர்களான பாரிஸ், ட்ராயின் ஹெலன் என்று மாற்றினார்கள். மிகச் சரியான முடிவு என்பேன். பெயர் போனாலும் சிரிப்பு பிழைத்தது.

இதெல்லாம் தெரியாதவனுக்கு என்ன மிஞ்சும்? கத்தி வீசும் காட்சி மிஞ்சும். சௌ வீட்டுக்காரியைக் குறிபார்த்து எறிகிறார், கத்தி ஜன்னலில் பட்டுத் திரும்பி அவர் தோளிலேயே குத்துகிறது. நண்பன் எறிவதும் இவர் மேல்தான். அப்புறம் பாம்பு உதட்டில் கடிக்கிறது. பிறகு வீட்டுக்காரி கால் சக்கரமாகச் சுழல அவரைத் துரத்துகிறாள், அப்பட்டமான கார்ட்டூன். அமெரிக்காவில் மட்டும் சுமார் 1.7 கோடி டாலர் வசூலித்தது படம். அதற்கு மூன்று வருடம் முந்தைய 'ஷாவோலின் சாக்கர்' ஹாங்காங்கில் சாதனை வசூல் செய்தும் அமெரிக்காவில் கிடப்பில் கிடந்து, நிறைய வெட்டப்பட்டு, 2004-ல் சில தியேட்டர்களில் வந்து காணாமல் போனது. ரசிகர்களுக்குப் புரியாது என்ற பயத்தில் வெட்டுவதுதான் இந்தப் படங்களுக்கு நடக்கக்கூடிய மோசமான விஷயம்.

சரி, எதில் தொடங்கலாம்? குழந்தைகளோடு பார்ப்பதானால் 'ப்ராஜெக்ட் ஏ', எந்த டப்பிங்கிலும் பார்க்கலாம். தனியாக ரசித்துப் பார்ப்பதானால் 'குங்ஃபூ ஹசில்', கான்டனீஸ் ஒலியும் சப்டைட்டிலுமாக. 'ஷாவோலின் சாக்கர்' படத்தின் சுருக்கப்பட்ட பதிப்பு கிடைத்தால் அதை விட்டுவிட்டு ஹாங்காங் பதிப்பைத் தேடுங்கள். புரூஸ் லீ ஜாடையில் ஒரு கோல்கீப்பர் வருவார், அவரை அடையாளம் கண்டுகொள்ள உங்களுக்கு எந்த சப்டைட்டிலும் தேவைப்படாது.