கழன்ற டீஃபாகர் தகடு: சால்டரிங்கா, வெள்ளிப் பசையா, புதுக் கண்ணாடியா?

ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை எங்கள் பக்கத்தில் காரின் பின்கண்ணாடி தெளிவாக இருக்கிறதென்றால் அது டீஃபாகர், அதாவது கண்ணாடியைச் சூடாக்கி ஈரப்படலத்தைப் போக்கும் மின்கோடுகளின் புண்ணியம். அடைமழையில் நான்கு பேர் நனைந்த துணியோடு ஏறிக் கதவைச் சாத்தினால் உள்பக்கம் வெளுத்துவிடும். மார்கழி விடியலில் திருவாரூரிலிருந்து மயிலாடுதுறைக்குக் கிளம்பினால் வழியெல்லாம் தண்ணீர் நிற்கும் வயல். ஏசி குளிர்ந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கமும் பூத்துப்போகும். முன்னால் வைப்பர் இருக்கிறது, ஏசி காற்று இருக்கிறது. பின்னால் நம்பக்கூடியது அந்தப் பழுப்புக் கோடுகள்தான்.

என் வண்டியில் அது செத்தது ஒரு தேங்காய் மூட்டையால். மூட்டை டீஃபாகர் வயரை நெருக்க, வயரைக் கண்ணாடியோடு இணைக்கும் சின்ன உலோகத் தகட்டையும் பெயர்த்துக்கொண்டு அது வந்துவிட்டது. கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு இது: கோடுகளையெல்லாம் ஓரத்தில் சேர்க்கும், தகடு உட்காரும் பட்டையில் வெள்ளி நன்றாக இருந்தால் சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது), அது தேய்ந்திருந்தால் வெள்ளி கலந்த எபாக்சி பசை, பட்டையே போயிருந்தால் மட்டும் புதுக் கண்ணாடி. சாதாரணப் பசை எதற்கும் உதவாது.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள். டிக்கிக் கதவு திறந்து மூடும் இடத்தில், ரப்பர் குழாய்க்குள் வயர் மடங்கி மடங்கி அறுந்திருப்பதும் உண்டு. டீஃபாகரைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் காரின் பாடியில் வைத்து, மறுமுனையால் கோடுகளைத் தொடுங்கள். எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டினால் எர்த் பக்கத் தகடோ வயரோ விட்டுப்போயிருக்கிறது. எங்கும் ஒன்றுமே காட்டாவிட்டால் கரண்ட் வரும் பக்கத்தில் கோளாறு. அப்போது ஃபியூஸையும் ரிலேயையும் சேர்த்துப் பாருங்கள். கோட்டின் நடுவில் சுமார் 6 வோல்ட் காட்டினால் அந்தக் கோடு சரியாக இருக்கிறது.

பசை ஏன் உதவாது என்பதற்கு வருகிறேன். வெள்ளித்தூள் கலவையை அச்சிட்டு, கண்ணாடியோடு சேர்த்துச் சுட்டு எடுத்த கோடுகள் அவை. பல கார்களில் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். அத்தனையும் நகமளவுத் தகடு வழியாகத்தான் போயாக வேண்டும். உடனே ஒட்டும் பசையும் எம்-சீலும் மின்சாரத்தைக் கடத்தாது. தகட்டின் ஓரத்தில் மட்டும் பசை வைத்து, நடுவில் உலோகம் உலோகத்தைத் தொடும்படி அழுத்தி ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தொடுமிடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே 12 ஆம்பியருக்கு 14 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில் உண்டாகும். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவுச் சூடு அது. பசை இளகாமல் என்ன செய்யும்? எனக்கு ஒரு கடையில் ஒட்டிக் கொடுத்தது அன்று சாயங்காலமே கையோடு வந்துவிட்டது.

சால்டரிங் என்றதும் எலக்ட்ரீஷியன்கள் பலர் தயங்குகிறார்கள். "கண்ணாடி வெடிச்சா யார் சார் பதில் சொல்றது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான பயம்தான். பின்கண்ணாடி டெம்பர்டு (சூடாக்கிச் சட்டென்று ஆற்றிக் கடினமாக்கியது), விரிசல் விட்டால் முழுசும் தூளாகிவிடும். ரசம் ஊற்றாமல் அடுப்பில் வைத்த கும்பகோணம் ஈயச்சொம்பு உருகி வழிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் சூடு புரியும். சொம்பின் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், சால்டரிங் ஈயம் 180-ஐ ஒட்டி. அந்தச் சூட்டை ஜில்லென்ற கண்ணாடியில் ஒரே புள்ளியில் வைப்பதுதான் ஆபத்து. அதனால் வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது. ஹேர் டிரையரும் ஆகும். தஞ்சாவூர் வெயிலுக்கு அது தேவைப்படாது.

அடுத்தது ஈயத்தின் ரகம். ரேடியோ கடையில் கிடைக்கும் சாதாரண 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) கம்பி உருகும்போது, அதிலுள்ள வெள்ளீயம் பட்டையின் வெள்ளியைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை தொட்டால் வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். 2 சதவீதம் வெள்ளி கலந்த கம்பி வாங்குங்கள். அது வெள்ளியை அவ்வளவாகக் கரைக்காது. ஈயம் பிடிக்கத் தடவும் பேஸ்ட் ரோசின் வகையாக இருக்கட்டும், ஆசிட் வேண்டாம். பட்டையை மெல்லத் தேய்த்துப் பளபளப்பு தெரிய வைத்து, தகட்டுக்கும் பட்டைக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு சேர்த்து மூன்று நான்கு விநாடி மட்டும் சூடு காட்டுங்கள். இங்கே பலரும் சின்ன அயர்ன்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது ஈயத்தை உருக்க நேரம் எடுக்கும். அந்த நேரமெல்லாம் சூடு கண்ணாடிக்குள் பரவும். நன்றாகச் சூடேறிய பெரிய அயர்னைச் சட்டென்று தொட்டு எடுப்பதே மேல். ஆறும்வரை ஈரத்துணி படக்கூடாது.

வெள்ளி எபாக்சிக்குச் சூடு வேண்டாம், கைத்திறனும் அதிகம் வேண்டாம். இரண்டு குழாய்களையும் சம அளவில் கலந்து, தகட்டை ஒட்டி, டேப்பால் பிடித்து ஒரு நாள் விடவேண்டும். விலை அதிகம், இழுவையைத் தாங்கும் பலம் ஈயத்தைவிடக் குறைவு. டெல்டாவில் இதற்கு இன்னொரு எதிரி ஈரம். மழைநாளில் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். அதன்மேல் வைத்தால் பிடிக்காது. ஆல்கஹாலால் துடைத்து, வெயில் உள்ள நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். முன்பு யாராவது சால்டரிங் வைத்து வெள்ளி திட்டுத் திட்டாகப் போயிருந்தால் எனக்குத் தெரிந்து இதுதான் வழி.

தகடு சரியாக இருந்து, கோடு மட்டும் அறுந்திருந்தால் இரண்டும் வேண்டாம். இருபுறமும் டேப் ஒட்டி வெள்ளிப் பெயின்ட் இரண்டு மூன்று முறை பூசினால் போதும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டபோது அவசரமாகப் பிய்த்தவர்களின் வண்டிகளில் கோடுகளும் சேர்ந்து வந்தன. அப்படிப் பாதிக் கோடு போன கண்ணாடிக்குப் பெயின்ட் கட்டுப்படியாகாது.

புதுக் கண்ணாடி என்றால் செலவு மட்டுமல்ல, பழைய பசையை அறுத்துக் கழற்றிப் புதிதாக ஒட்டி, அது இறுகும்வரை காத்திருக்கவும் வேண்டும். இன்ஷூரன்ஸில் வாங்கினால் பொதுவாக 20 முதல் 50 சதவீதம்வரை சேர்த்துவைத்த நோ-கிளெய்ம் போனஸ் போய்விடும். ஒரு தகட்டுக்காக அதை நான் செய்யமாட்டேன்.

என் வண்டியில் கடைசியில் வெள்ளி கலந்த ஈயத்தால் சால்டரிங்தான். வயரை முன்புபோல விறைப்பாக விடாமல் கொஞ்சம் தொய்வு கொடுத்து, தகட்டுக்குப் பக்கத்தில் ஓரப் பிளாஸ்டிக்கோடு கட்டிவிட்டேன். தேங்காய் மூட்டை இப்போது பின்சீட்டின் கால்வைக்கும் இடத்தில் போகிறது.