திருகாணி போட முடியாத இரும்புப் பெட்டி

காட்டில் மரத்தில் கட்டிவைத்தால், எதிரே ஏதாவது அசைந்ததும் தானே படமெடுக்கும் டிரெயில் கேமராவை வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டி விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று டாலஸிலிருந்து ஒரு தம்பி கேட்டார். அவரும் அலுவலக நண்பர்களோடு சேர்ந்து வேட்டைக் குத்தகை எடுத்திருக்கிறாராம். "அண்ணா, வாங்கு, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார். எனக்கு ஒரு வார்த்தை போதாது. அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் இரத்த அழுத்தம் ஏறுகிறது.

எங்கள் குத்தகை நிலம் கிழக்கு டெக்சஸ் பைன் காட்டில் இருக்கிறது. மர நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமானது. டெக்சஸில் பெரும்பகுதி நிலம் தனியாருடையது என்பதால், சொந்த நிலம் இல்லாதவர்கள் இப்படிக் கூட்டாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுப்பது வழக்கம். குத்தகைப் பணம் கட்டாமலே வேட்டைக்கு வருகிறவர்களுக்கும் குறைவில்லை. அவர்கள் கைவைப்பது பெரும்பாலும் இரண்டில்தான்: விலங்குகளை இழுக்கச் சோளம் கொட்டும் ஃபீடரின் பேட்டரி, அதற்கு எதிரே கட்டியிருக்கும் கேமரா.

பெட்டியின் அமைப்பு தெரிந்ததுதான். முன்கதவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் துளைகள், பூட்டு மாட்ட ஒரு காது, பின்தகட்டில் திருகாணிக்கு நான்கு துளைகள். என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த நான்கு துளைகளில்தான். தடித்த திருகாணிகளை அவற்றின் வழியே மரத்துக்குள் முறுக்கி இறக்கிவிட்டு, கேமராவை உள்ளே வைத்துப் பூட்டினால், திருகாணித் தலைகள் கேமராவுக்குப் பின்னால் மறைந்துவிடும். பூட்டை உடைக்காமல் பெட்டியைப் பெயர்க்க முடியாது. பெட்டியின் பலமே அதுதான்.

மர நிறுவனத்தின் குத்தகைப் பத்திரமோ, மரத்தில் ஆணி, திருகாணி எதுவும் இறங்கக் கூடாது என்கிறது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எவனோ அடித்துவிட்டு மறந்த ஆணி ஒன்று மரத்தோடு ஆலைக்குப் போனால் ரம்பம் உடையும். பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஆபத்து. மர நிறுவன நிலங்களில் இது சாதாரண நிபந்தனை. வேட்டைக்காரர்களுக்கென்றே பெட்டி செய்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும், நான்கு திருகாணிகளைப் பொட்டலம் கட்டி உள்ளே போட்டு அனுப்புகிறார்கள். எங்கள் கிளப்பில் எல்லோர் வண்டியிலும் அந்தப் பொட்டலங்கள் கிடக்கின்றன.

ஆக, மிஞ்சுவது எட்டு மில்லிமீட்டர் எஃகுக் கேபிள் பூட்டு. பக்கத் துளைகளில் கோத்து, மரத்தைச் சுற்றி இழுத்துப் பூட்ட வேண்டும். தட்டையான பின்தகடு உருண்டையான மரத்தில் உட்காராது. பைன் பட்டை செதில் செதிலாக உதிர்வதால், இன்று இறுக்கமாக இருக்கும் கேபிள் அடுத்த மாதம் தளர்ந்திருக்கும். காட்டுப்பன்றி ஒன்று அந்த மரத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனால் முடிந்தது கதை: அதன்பின் வருவதெல்லாம் பக்கத்து மரத்தின் படம். கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, நான்காக மடித்துப் பின்தகட்டின் இரு ஓரங்களிலும் செருகினேன். அன்றிலிருந்து ஆட்டம் நின்றது. காசு வாங்கிக்கொண்டு பெட்டி செய்தவர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கேமரா கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி கதவின் விளிம்பில் பட்டுத் திரும்பி, பாதிப் படம் வெளுத்துவிடும். படத்தைப் போனுக்கு அனுப்பும் செல்லுலார் கேமராவாக இருந்தால் ஆன்டெனா பெரிய தலைவலி. பெட்டிக்குள் அடைத்தால் இரும்பு சிக்னலைத் தடுக்கிறது, வெளியே நீட்டினால் போகிறவன் வருகிறவன் ஒடிக்கலாம். வெயில் காலத்தில் கதவுக்குப் பின்னால் செங்குளவி கூடு கட்டும். நெருப்பெறும்பு பேட்டரி அறை வரைக்கும் போகும். திறக்கும் முன் கதவைக் குச்சியால் தட்டிவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

இவ்வளவும் திட்டியபின், நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன பருவத்தில் ஒருவன் இரவில் கம்பியும் வெட்டுக் கருவியுமாக வந்து இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறான். கேபிளின் பிளாஸ்டிக் உறை கிழிந்து, அறுந்த எஃகு இழைகள் தேய்ந்த துடைப்பம்போல் விரிந்து நின்றன. மீதி இழைகள் விட்டுக்கொடுக்கவில்லை. கதவின் மேல் மூலை நெம்பி வளைக்கப்பட்டிருந்தது. பூட்டுக் காதும் கோணலாகியிருந்தது. கேமரா உள்ளே பத்திரமாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. வளைந்த காதில் பூட்டு இறுகிப்போனதால் என் சாவிக்கும் அது திறக்கவில்லை. என் பூட்டை நானே ரம்பத்தால் அறுத்துத்தான் மெமரி கார்டை எடுத்தேன். திருடனையும் சொந்தக்காரனையும் ஒரே மாதிரி நடத்துகிற நேர்மையை வேறு எந்தப் பொருளிலும் நான் கண்டதில்லை.

கார்டில் இருந்தது ஒரு கையுறையும் தொப்பி விளிம்பும் மட்டுமே. வந்தவனின் வண்டியைக் காட்டிக்கொடுத்தது நுழைவாயில் பாதையில் பத்தடி உயரத்தில் நாடாவால் கட்டிய இரண்டாவது கேமரா. அதற்குப் பெட்டியும் இல்லை, பூட்டும் இல்லை. ஏறுவதற்கு மரத்தில் கட்டும் குச்சி ஏணி மட்டும் வேண்டும். போகும்போது அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். திருட வருகிறவன் பாதையைப் பார்க்கிறான், ஃபீடரைப் பார்க்கிறான், அண்ணாந்து பார்ப்பதில்லை. 940 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு பிளாஷ் உள்ள கேமராவாக இருப்பது முக்கியம், அது கண்ணுக்குத் தெரியாது. 850 என்றால் இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். 940இல் வெளிச்சம் எட்டும் தூரம் குறையும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். பாதையைக் கண்காணிக்க அது போதும். நம்பர் பிளேட்டை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒளியைத் திருப்பி அடிக்கும் தகடு என்பதால் இரவில் வெறும் வெள்ளைச் சதுரமாகத்தான் பதிவாகும். பின்விளக்கு ஒன்று உடைந்த பிக்கப் என்பது தெளிவாகத் தெரிந்தது. படத்தை வேட்டைச் சட்டங்களைக் கவனிக்கும் அதிகாரியான கேம் வார்டனிடம் கொடுத்திருக்கிறோம்.

எல்லையில் ஊதா வண்ணம் பூசியிருந்ததால் "பலகை எதையும் பார்க்கவில்லை" என்ற சாக்குக்கு இடமில்லை. டெக்சஸில் 1997இலிருந்து ஊதாக் கோடும் அத்துமீறலுக்கான சட்டப்படியான எச்சரிக்கைதான். குறைந்தது எட்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலத்தில் செங்குத்துக் கோடு. தரையிலிருந்து மூன்று முதல் ஐந்தடி உயரத்துக்குள். காட்டு நிலத்தில் நூறு அடிக்குள் ஒன்று. துப்பாக்கியோடு அத்துமீறி நுழைந்தால் குற்றத்தின் தரம் ஒரு படி ஏறும். கேமராவின் சீரியல் எண்ணையும் வாங்கிய ரசீதையும் போனில் படமெடுத்து வையுங்கள். திருடுபோன பொருளின் மதிப்பு நூறு டாலரைத் தாண்டினால் அது வெறும் அபராதக் குற்றமல்ல, சிறைக்கும் இடமுண்டு. மதிப்பைக் காட்டக் கையில் தாள் வேண்டும்.

தம்பிக்கு என் பதில் இதுதான்: மர நிறுவன நிலமென்றால் பெட்டி வேண்டாம். அந்தப் பணத்தில் குச்சி ஏணி வாங்கி, கேமராவை உயரத்தில் கட்டுங்கள். திருகாணி போட அனுமதி உள்ள நிலமென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நான் நேற்று இரண்டு பெட்டிகளுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். இந்த விலைக்கு இனிக் கிடைக்காது; ஃபீடருக்கு எதிரே இருக்கும் கேமராவை வெறுமனே விட்டுவரவும் மனம் வரவில்லை. கறுப்பு தீர்ந்துவிட்டதாம், பழுப்புதான் அனுப்புகிறார்கள். பைன் பட்டைக்கு அந்த நிறம்தான் பொருந்தும் என்பதால், இப்போதைக்குப் புகார் ஒன்றுமில்லை.